மாத்திரையே சாப்பிடாத பிள்ளைக்கு மருந்து கேட்காத கிருமி எங்கிருந்து வருகிறது?

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பிள்ளை. வெளியே பிளாஸ்கும் தூக்குவாளியுமாக ஆச்சி. டாக்டர் வந்து, “ரத்தத்தில் கிருமி இருக்கு, வழக்கமா போடுற மருந்து கேட்கல, மாத்தியிருக்கோம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்ததும், ஆச்சி நர்ஸைப் பிடித்துக்கொள்வார். “ஏம்மா, பொறந்து மூணு நாளுதான ஆவுது? ஒரு சொட்டு மருந்து உள்ள போனதில்ல. அதுக்குள்ள எப்படிம்மா மருந்து கேக்காமப் போவும்?”

மிக நியாயமான கேள்வி. பதிலை நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். “அவன் உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு” என்று சொல்கிறோம். உடம்பு எந்த ஆன்டிபயாடிக்குக்கும், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் எந்த மருந்துக்கும், பழகுவதில்லை. பழகுவது கிருமி. உங்கள் உடம்பில் பழகிய கிருமி உங்களோடு நின்றுவிடுவதும் இல்லை. கையில், தண்ணீரில், கழிவில், கட்டில் கம்பியில் என்று போய்க்கொண்டே இருக்கும். அது கடைசியில் யார் உடம்பில் ஏறுகிறதோ அவர் வாழ்நாளில் ஒரு மாத்திரை கூடச் சாப்பிடாதவராக இருக்கலாம். பிறந்து மூன்று நாளான பிள்ளையாகவும் இருக்கலாம்.

கிருமி எப்படிப் பழகுகிறது? ஈ. கோலி என்ற பாக்டீரியா நம் எல்லோர் குடலிலும் உண்டு. வசதியான சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகும். அப்படியே தடையில்லாமல் போனால் 10 மணி நேரத்தில் ஒரே ஒரு கிருமி 100 கோடியைத் தாண்டிவிடும். இத்தனை முறை தன் மரபணுவைப் படியெடுக்கும்போது அங்கங்கே பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு லாபமில்லை. ஏதோ ஒன்றிரண்டு மட்டும் ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியைக் கொடுத்துவிடும். மருந்து இல்லாதவரை அந்த ஒன்றிரண்டும் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை செத்து, இவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்கும். பிசான வயலில் வருஷா வருஷம் ஒரே களைக்கொல்லியை அடித்துக்கொண்டிருந்தால், அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சி வயல் முழுக்கப் பரவுவதை நம் ஊர் விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அதே கணக்குதான் இங்கேயும்.

களைக்கு இல்லாத ஒரு வசதி பாக்டீரியாவுக்கு உண்டு. பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். வாங்கிக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டியதில்லை. ஈ. கோலியிடம் இருந்த எதிர்ப்புச் சக்தி க்ளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவுக்குப் போகும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் சாதாரணம். அதனால்தான் ஒரு மருந்தைக் கண்டபடி சாப்பிட்டால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மருந்தும் பலனிழந்து போகிறது.

கிருமி மருந்தைச் சமாளிக்கும் வழிகள் பல. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். மருந்து நுழையும் வாசலை அடைக்கும். மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடும். நம் நாட்டில் அதிகமாகத் தொல்லை கொடுப்பது நாலாவது வழி: மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது. பென்சிலினை உடைக்கும் நொதிகள் முதலில் வந்தன. பிறகு செஃபோடாக்சைம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசி மருந்துகளை உடைப்பவை வந்தன. அவற்றுக்கும் அடங்காத தொற்றுக்கு மெரோபெனம் போன்ற கார்பாபெனம் வகை மருந்துகளை வைத்திருந்தோம். அவற்றையும் உடைக்கும் நொதி ஒன்று, 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம் இருந்த க்ளெப்சியெல்லாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் என்டிஎம்-1. 2010-ல் வெளிவந்த ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்தது. 2012-ல் நம் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்று ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. ஆக, இந்தச் சங்கதி நமக்குத் தூரத்து விவகாரம் இல்லை.

இனி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம்.

நிறைமாதப் பிள்ளைக்கே நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. குறைமாதத்தில் பிறந்தால் இன்னும் மோசம். தாயின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பங்கு வந்து சேர்ந்திருக்காது. தோலும் முற்றியிருக்காது, பிளாஸ்திரியைப் பிய்த்தாலே உரிந்து வரும் அளவுக்கு மெல்லியது. அந்தத் தோலைத் துளைத்துத்தான் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். தொப்புள்கொடி வழியாகக் குழாய், மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் குழாய், மூச்சு விடச் சிரமப்பட்டால் தொண்டையில் வென்டிலேட்டர் குழாய். இவை ஒவ்வொன்றும் உயிரைக் காப்பவை, ஒவ்வொன்றும் கிருமி உள்ளே போகும் வழியும்கூட.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. பிறக்கும்போது பிள்ளையின் குடலில் ஏறத்தாழ எதுவுமே இருக்காது. முதல் சில நாட்களில் யார் வந்து குடியேறுகிறார்களோ அவர்கள்தான் அங்கே பெருகுவார்கள். தாயின் மடியில் கிடந்து தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து நல்ல பாக்டீரியாக்கள் வந்து சேரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டு தனியாகக் கிடக்கும் பிள்ளைக்கு அந்த வார்டில் உலவும் கிருமிகள்தான் முதல் விருந்தாளிகள். ஆன்டிபயாடிக் மழையில் பல வருஷம் நனைந்தும் சாகாத கிருமிகள் அவை.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றை வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் பிரசவம். பிள்ளை 1,400 கிராம். மூச்சு வாங்குகிறது. ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் போட்டு, 108-ல் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்புகிறார்கள். பிரசவ மேசை, சளி உறிஞ்சும் குழாய், வார்மர், ஆம்புலன்ஸ், அடுத்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு என்று பிறந்த முதல் ஆறு மணி நேரத்தில் அந்த 1,400 கிராம் உடம்பை எத்தனை கைகள் தொட்டிருக்கும்! எல்லாமே நல்ல மனசோடு தொட்ட கைகள். ஒரே ஒரு கை கழுவப்படாமல் இருந்திருந்தால் போதும், ஆச்சியின் கேள்விக்கு அதுதான் பதில்.

டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. அங்கே ரத்தத் தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் முதலிடத்தில் இருந்தது அசினெட்டோபாக்டர், அடுத்தது க்ளெப்சியெல்லா. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் க்ளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. இன்னும் கவலை தரும் விஷயம், தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவை. வழக்கமாக இவ்வளவு சீக்கிரம் வரும் தொற்று தாயிடமிருந்து வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிச் சூழலில் வளரும் கிருமிகள் அந்த முதல் மூன்று நாளிலேயே வந்துவிட்டதை இந்த ஆய்வு காட்டியது. டெல்லிக் கணக்கு அப்படியே நம் ஊருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் வார்டில் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கிறது என்று தனிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது டாக்டர் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். பெரியவர்களுக்குத் தொற்று என்றால் காய்ச்சல் அடிக்கும், வலிக்கிறது என்று சொல்வார்கள். பச்சிளம் பிள்ளை பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், உடம்பு சில்லிட்டுப் போகும், மூச்சு முனகும். தொற்று இல்லாமல் வேறு காரணத்தாலும் இதெல்லாம் வரும். உறுதியாகச் சொல்ல ரத்தக் கல்ச்சர் வேண்டும்: பிள்ளையின் ரத்தம் சுமார் ஒரு மில்லியை எடுத்துச் சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பதில் வர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். உண்மையிலேயே தொற்றாக இருந்தால் அதுவரை பிள்ளை தாங்காது. அதனால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு, பதில் வரும் முன்பே மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த கூட்டு. மலிவானது, பல்லாண்டு அனுபவம் உள்ளது. வார்டில் திரியும் கிருமி அதற்குக் கட்டுப்படாது என்று தெரிந்தால் அடுத்த படி, அதற்கும் அடுத்த படி, மெரோபெனம், கடைசியில் கொலிஸ்டின். 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஓரம் கட்டப்பட்ட மருந்து அது. வேறு வழியில்லாமல் மறுபடியும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வரும் மருந்துகளோ முதலில் பெரியவர்களுக்குத்தான் சோதிக்கப்படுகின்றன. பச்சிளம் பிள்ளைக்கு என்ன அளவு என்று தெரிய இன்னும் பல வருஷம் ஆகும்.

இங்கே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. “காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல சார், நல்ல ஊசியாப் போடுங்க” என்று கைகூப்புகிறோம். விலை கூடிய ஊசி நல்ல ஊசி ஆகிவிடாது. அந்தக் கிருமிக்குக் கேட்கும் மருந்துகளில் எது மற்ற கிருமிகளை அதிகம் தொடாமல் வேலை செய்கிறதோ அதுதான் நல்ல ஊசி. கல்ச்சரில் இரண்டு நாளாகியும் எதுவும் வளரவில்லை, பிள்ளையும் தெளிந்துவிட்டது என்றால் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதுதான் சரியான வைத்தியம். “எதற்கும் இருக்கட்டும்” என்று ஏழு நாள், பத்து நாள் நீட்டினால் குடலில் குடியேறிய நல்ல பாக்டீரியாக்கள் அழிகின்றன, பூஞ்சைத் தொற்றுக்கு வழி பிறக்கிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு, தொற்று உறுதியாகாமலே நாட்கணக்கில் மருந்து ஏறியிருந்தால் குடல் அழுகும் கொடிய நோயும் மரணமும் கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு டாக்டர் தைரியமாக ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிறார் என்றால், பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். போடுவதைவிட நிறுத்துவதற்கு அதிகக் கவனமும் அறிவும் வேண்டும்.

மருந்தைவிடப் பெரிய வேலை கையில் இருக்கிறது. நரம்பில் ஏற்றிய குழாயின் மூடியைத் திறந்து மருந்து செலுத்தும் அந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். நர்ஸ் முதலில் சானிடைசரை உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக் கணு என்று 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அது தானாகக் காய வேண்டும். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் குழாயின் வாயை 15 விநாடியாவது அழுத்தித் துடைக்க வேண்டும். அந்த ஸ்பிரிட்டும் காய்ந்த பிறகுதான் சிரிஞ்சைப் பொருத்தலாம். கூட்டினால் சுமார் ஒரு நிமிடம்தான். ஒரு நர்ஸ் ஒரு ஷிப்டில் எத்தனை பிள்ளைக்கு, எத்தனை முறை இதைச் செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பொறுப்பில் இரண்டு பிள்ளை இருந்தால் முடியும். எட்டுப் பிள்ளை இருந்தால், அதில் ஒன்று மூச்சை நிறுத்திவிட்டால், அந்த ஒரு நிமிடம்தான் முதலில் பறிபோகும். அதனால் இது நர்ஸின் பொறுப்பு என்று சொல்லிக் கையைக் கழுவிவிட முடியாது. கூடுதல் நர்ஸ், கூடுதல் கட்டில் இடைவெளி, நிற்காத தண்ணீர், தீராத சானிடைசர் ஆகியவற்றைத் தொற்றுக்கான மருந்தாகவே நினைத்து அரசும் நிர்வாகமும் காசு ஒதுக்க வேண்டும். கை கழுவும் தொட்டியின் வடிகாலில்கூட சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்கும். தொட்டி எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

தாய்க்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சீம்பாலும் தாய்ப்பாலும் பிள்ளையின் குடலுக்குக் காவல். கங்காரு முறையில் பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பதைப் பற்றி இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாளில் மரணம் 25 சதவீதம் குறைந்தது. உள்ளே வரச் சொன்னால் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறந்த பிள்ளைக்குக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சேனை வைப்பார். சீனித் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பது. அவர் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்ற ஆசைதான் காரணம், அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விரலில் இருக்கும் கிருமியும் பிள்ளைக்கு வரும். கழுதைப்பாலும் வசம்பு உரைத்துப் புகட்டுவதும் அப்படியே. தாத்தாவும் ஆச்சியும் பிள்ளையின் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும், அதுவும் கையைக் கழுவிவிட்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போக வேண்டாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதே கதைதான், காட்சி மட்டும் வேறு. நிமோனியா, வலிப்பு, விபத்து என்று வந்து வென்டிலேட்டரில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தக் குழாய் வழியாகவும் சிறுநீர்க் குழாய் வழியாகவும் புதுத் தொற்று வரும். குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுப்பதே தடுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெங்குவில் வரும் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது, அது வைரஸ். அங்கே உயிரைக் காப்பது சரியான அளவில் நரம்பில் ஏற்றும் உப்பு நீர்.

இனி நம் வீட்டு அலமாரி. காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் போய், “அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ரெண்டு நேரத்துக்கு ஒரு செட் மாத்திர குடுங்க” என்கிறோம். அந்தச் செட்டுக்குள் ஒரு அசித்ரோமைசினோ செஃபிக்சைமோ இருந்தால், நாலு மாத்திரையில் காய்ச்சலும் விட்டுவிட்டால், மருந்து கேட்டது என்று நினைக்கிறோம். வைரஸ் காய்ச்சல் தானாகவே விட்டிருக்கும். குடலில் இருந்த கிருமிகளுக்குத்தான் அந்த நாலு மாத்திரை போய்ச் சேர்ந்தது. செஃபிக்சைம் போன்ற பல ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் அட்டவணை எச்1-ல் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டைப் பார்த்துக் கொடுத்தாலும் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் செங்குத்தான சிவப்புக் கோடு, சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கு அடையாளம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பவுடர் சிரப்பைக் கவனியுங்கள். ஆற வைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கித் தருகிறோம். மூத்தவனுக்கு வாங்கியதில் பாதி மிஞ்சும். ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும். மாதம் கழித்து இளையவளுக்குச் சளி பிடித்தால் அதையே ஊற்றிக் கொடுப்போம். கலக்கிய மருந்துக்கு ஆயுள் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம்தான். வீரியம் இழந்த மருந்து, தப்பான அளவில், தேவையில்லாத நோய்க்குப் போகிறது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இது இன்னும் முக்கியம். அவர் குடலில் எந்தக் கிருமி இருக்கிறதோ அது பிரசவத்தின்போது பிள்ளைக்குப் போகும்.

கோழிப் பண்ணையும் இந்தக் கணக்கில் சேரும். பிள்ளைகளுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் அதே கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். 2019-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. மிகச் சரியான முடிவு.

பிள்ளை உள்ளே இருக்கும்போது டாக்டரிடம் என்ன கேட்கலாம்? தயங்காமல் கேளுங்கள். மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் எடுத்தாச்சா, எப்போது பதில் வரும், பதிலைப் பார்த்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ போகிறீர்களா, இந்தக் குழாய் இன்னும் தேவையா, நான் எப்போது பால் பீய்ச்சித் தரலாம், எப்போது நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டோடு கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று அதில் வரிசையாக இருக்கும். தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். முதல் சில மாதங்களுக்குள் பிள்ளைக்கு மறுபடியும் உடம்புக்கு முடியாமல் போனால், அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ தென்காசியோ, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ரிப்போர்ட்டை முதலில் நீட்டுங்கள். அடுத்த டாக்டர் எந்த ஊசியில் தொடங்குவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.